கேம் மோட்: ஒரே மூட்டையா, தனித்தனிப் பொட்டலமா?

கம்ப்யூட்டரில் கேம் விளையாடும் வாசகர்களுக்கு 'பேட்ச்', 'மோட்', 'ஆட்-ஆன்' போன்ற சொற்கள் புதியவை அல்ல. கேமைத் தயாரித்த நிறுவனம் அல்லாமல், அதை விளையாடும் ரசிகர்களே ஓய்வு நேரத்தில் உருவாக்கி, பெரும்பாலும் இலவசமாகத் தரும் கூடுதல் பகுதிகளை மோட் என்கிறோம். புதிய சட்டை, புதிய மைதானம், புதிய பேருந்து, புதிய கதாபாத்திரம், சில சமயம் ஒரு முழுக் கதையே கூட இப்படி வருவதுண்டு.

மோட் செய்வது எப்படி என்று இந்தக் கட்டுரை சொல்லப் போவதில்லை. ஒரு மோடை டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்வதற்கு முன் அதில் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். நான் பார்ப்பது இரண்டு. ஒன்று, எத்தனை வசதிகளை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறார்கள்? இரண்டு, அதில் உள்ள எழுத்து எப்படி இருக்கிறது? இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாதது போலத் தோன்றும். ஆனால் சம்பந்தம் இருக்கிறது. நமக்கு நன்கு தெரிந்த ஒரு கேமில் இருந்து தொடங்குவோம்.

கிரிக்கெட் 07

இஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் கிரிக்கெட் 07 கேம் 2006 நவம்பரில் வெளிவந்தது. கனடாவின் எச்பி ஸ்டூடியோஸ் அதைத் தயாரித்துக் கொடுத்தது. இஏவின் கிரிக்கெட் வரிசையில் கடைசியாக வந்தது அதுதான். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து அணிகளுக்கு முறையான உரிமம் பெற்றிருந்தார்கள். இந்திய அணிக்கு உரிமம் இல்லை. அதனால் நம் வீரர்களின் பெயர்களை எழுத்து மாற்றிப் போட்டிருந்தார்கள். பள்ளிப் பையன்கள் முதலில் செய்த வேலையே அந்தப் பெயர்களைச் சரி செய்ததுதான்.

2008 ஏப்ரல் 18 அன்று ஐபிஎல் தொடங்கியது. கேம் வந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டிருந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் என்ற பெயரே அதற்குள் இருக்க வாய்ப்பில்லை. எனவே கிரிக்கெட் 07-ல் மஞ்சள் சட்டை போட்டு தோனியை ஆட வைத்தவர்கள் எல்லாரும் ரசிகர்கள் செய்த பேட்சை வைத்துத்தான் அதைச் செய்தார்கள். நிறுவனம் அடுத்த பதிப்பு வெளியிடாத ஒரு கேமை வருடக்கணக்கில் உயிரோடு வைத்திருந்தது இந்த வேலைதான்.

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் இருந்த ஓர் அண்ணன் 2009-ல் தி.நகர் கடை ஒன்றிலிருந்து 'ஐபிஎல் பேட்ச்' என்று மார்க்கர் பேனாவால் எழுதிய சிடி ஒன்றை வாங்கி வந்தார். உள்ளே ஒரே ஓர் இஎக்ஸ்இ ஃபைல். டபுள் க்ளிக் செய்தால் ஒரு பச்சைக் கோடு ஓடும், முடிந்துவிடும். கேமைத் திறந்ததும் எல்லாருக்கும் சந்தோஷம். எட்டு அணிகளும் இருந்தன. அதன் பிறகுதான் மற்றவை ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஐபிஎல் அணிகளை நுழைப்பதற்காக ஏற்கெனவே இருந்த உள்நாட்டு அணிகளின் இடத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மெனுவின் பாட்டு மாறியிருந்தது. எந்த மைதானத்தில் ஆடினாலும் விளம்பரப் பலகைகள் ஒரே மாதிரி இருந்தன. பந்து வீச்சின் வேகத்தையும் யாரோ கூட்டிவிட்டிருந்தார்கள். டெஸ்ட் போட்டியில் கூட எதிரணி நாற்பது ஓவருக்குள் சுருண்டு விழுந்தது. அண்ணனுக்கு வேண்டியது மஞ்சள் சட்டை மட்டும். அதோடு சேர்ந்து மற்ற எல்லாமும் வந்துவிட்டது. எடுக்கவும் வழியில்லை. கேமை முழுக்க நீக்கிவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்தார்.

இதைத்தான் மூட்டை கட்டுவது என்கிறேன்.

எது எத்தனை நாள் தாங்கும்?

ஒரு கிரிக்கெட் பேட்சுக்குள் உள்ள பொருட்களை எடுத்துப் பாருங்கள். வீரர் பட்டியல், அதாவது ரோஸ்டர். சட்டைகள். மட்டைகள். மைதானம். டிவியில் வருவது போன்ற ஸ்கோர் பட்டை. ஆட்டத்தின் வேகம், கடினம். இவை ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு.

ரோஸ்டர் ஒரு சீசனுக்குத்தான் தாங்கும். ஐபிஎல்லின் கதையையே பாருங்கள். 2011-ல் கொச்சி, புனே என்று இரண்டு புதிய அணிகள் வந்தன. கொச்சி ஒரே வருடத்தில் போய்விட்டது. 2013-ல் டெக்கான் சார்ஜர்ஸ் இருந்த இடத்தில் சன்ரைசர்ஸ். 2016, 2017 இரண்டு வருடமும் சென்னையும் ராஜஸ்தானும் தடையில் இருந்தன. தோனி புனே அணியில் ஆடினார். 2018-ல் சென்னை திரும்பி வந்து கோப்பையையும் தூக்கியது. 2022-ல் குஜராத் டைட்டன்ஸ், லக்னோ என்று மொத்தம் பத்து அணிகள் ஆயின. டெல்லி டேர்டெவில்ஸ் 2019-ல் டெல்லி கேபிடல்ஸ் ஆனது. கிங்ஸ் லெவன் பஞ்சாப் 2021-ல் பஞ்சாப் கிங்ஸ் ஆனது. பெங்களூர் அணி 2024-ல் தன் பெயரில் 'பெங்களூரு' என்று எழுதத் தொடங்கியது.

மைதானம் அப்படி மாறுவதில்லை. சேப்பாக்கத்தை 2011 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்தார்கள். அதன் பிறகு 2023 மார்ச்சில் கலைஞர் மு. கருணாநிதி பெயரில் புதிய ஸ்டாண்ட் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு வருடம். அதாவது 2011-ல் யாராவது ஒழுங்காக ஒரு சேப்பாக்கம் செய்து வைத்திருந்தால், பத்துப் பன்னிரண்டு ஐபிஎல் சீசனுக்கு அதைத் தொடவே வேண்டியிருந்திருக்காது. மட்டை இன்னொரு விதம். 2010-ல் மாத்யூ ஹேடன் கொண்டு வந்த மங்கூஸ் மட்டை நினைவிருக்கிறதா? பிடி நீளம், அடிப் பலகை குட்டை. ஒரு சீசன் வேடிக்கை. வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம், வேண்டாதவர் விட்டுவிடலாம்.

ஒரு சீசன் தாங்குவதையும் பன்னிரண்டு வருடம் தாங்குவதையும் ஒரே இஎக்ஸ்இக்குள் கட்டினால் என்ன ஆகும்? ரோஸ்டரைப் புதுப்பிக்க ஒவ்வொரு வருடமும் மைதானத்தையும் சேர்த்து டவுண்லோட் செய்ய வேண்டும். நீங்கள் கையால் மாற்றி வைத்திருந்த சட்டை, ஸ்கோர் பட்டை எல்லாம் அழிந்துபோகும். இத்தனைக்கும் கிரிக்கெட் 07-ல் ரோஸ்டர் தனி ஃபைலாகத்தான் இருக்கிறது. மை டாக்குமெண்ட்ஸில் கேம் பெயரில் உள்ள போல்டரில் ஆர்ஓஎஸ் என்ற எக்ஸ்டென்ஷனோடு சேமிக்கப்படும். படங்கள் எப்எஸ்எச் ஃபைல்களில் இருக்கும். கேம் பிரித்து வைத்திருப்பதைப் பேட்ச் செய்தவர்தான் ஒன்றாகக் கட்டுகிறார்.

ஏன் கட்டுகிறார்கள்?

திட்டுவது சுலபம். கட்டுவதற்கும் காரணம் உண்டு, அதையும் பார்க்க வேண்டும். 2000-களில் டயல்-அப் இணைப்பில் ஆறு ஃபைலைத் தனித்தனியாக இறக்க யாருக்கும் பொறுமை கிடையாது. பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டிவிட்டு, ஒன்றை இறக்கி, சிடியில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார்கள். அந்தக் காலத்துக்கு ஒரே மூட்டை சரிதான்.

இன்னொரு காரணம் இன்றைக்கும் இருக்கிறது. அடையாறில் இருக்கும் என் கல்லூரி நண்பன் யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 கேமுக்குச் சென்னை மாநகரப் பேருந்து மோட் செய்கிறான். பேருந்தின் வடிவம், பெயிண்ட், பெயர்ப் பலகை, ஹாரன் சத்தம், எஞ்சின் சத்தம், உள்ளே இருக்கைகள் என்று ஆறு பகுதி. "இதை ஏன்டா பிரிச்சுக் குடுக்க மாட்டேங்கிற?" என்று கேட்டேன்.

"மச்சி, பிரிச்சுக் குடுத்தா அவனவன் ஒரு கலவையில போடுவான். ஒண்ணு ஓடலேன்னா என்னைத்தான் கேப்பான். நான் ஆபீஸ் போறதா, இவனுங்களுக்குப் பதில் சொல்றதா?"

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆறு பகுதியில் ஒவ்வொன்றையும் போடலாம், போடாமலும் இருக்கலாம் என்றால் மொத்தம் 64 விதமான கலவைகள் கிடைக்கும். எட்டுப் பகுதி என்றால் 256. பத்து என்றால் 1024. சாப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் டீம் இருந்தும் நாங்கள் திணறுவது இந்தப் பெருக்கலில்தான். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்து மோட் செய்கிறவன் 64 கலவையையும் ஓட்டிப் பார்ப்பான் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆனால் எல்லாக் கலவைகளையும் சோதிக்க வேண்டியதில்லை. ஒரு பகுதி இன்னொன்றின் ஃபைலைத் தொடவில்லை என்றால் அந்த இரண்டையும் சேர்த்துச் சோதிப்பது வீண். ஹாரன் சத்தத்துக்கும் பெயிண்டுக்கும் என்ன சம்பந்தம்? பெயிண்டும் பலகையும் வடிவத்தின் மேல் உட்காருபவை. அதனால் அவற்றை வடிவத்தோடு சேர்த்துப் பார்த்தால் போதும். அப்படிக் கணக்குப் போட்டால் சோதிக்க வேண்டியவை பத்துக்குள் வந்துவிடும். எவை ஒன்றை ஒன்று தொடுகின்றன என்று தெரிந்துகொண்டு பிரிப்பதுதான் வேலை. இதை மிக நன்றாகச் செய்து காட்டியவர்கள் வேறொரு கேமின் ரசிகர்கள்.

பால்டர்ஸ் கேட் 2 காட்டிய வழி

கனடாவின் பயோவேர் நிறுவனம் தயாரித்த பால்டர்ஸ் கேட் 2 என்ற கேம் 2000 செப்டம்பரில் வந்தது. கிரிக்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. இது கதை கேம். ஆறு பேர் வரை கொண்ட குழுவோடு ஊர் ஊராகப் போக வேண்டும், எதிரே வருகிறவர்களோடு பேச வேண்டும், சண்டை போட வேண்டும். பேச்சுதான் இதில் பாதி. சில இடங்களில் விளையாடுகிறோமா நாவல் படிக்கிறோமா என்று சந்தேகம் வரும்.

இந்தக் கேமில் வரும் எல்லா வாக்கியங்களும் டயலாக்.டிஎல்கே என்ற ஒரே ஃபைலில் இருக்கின்றன. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. ஒரு கதாபாத்திரம் வாயைத் திறந்தால் கேம் அந்த நம்பரைத் தேடிப் போய் வாக்கியத்தை எடுத்து வரும். டெலிபோன் டைரக்டரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் மோட் செய்தவர்கள் இந்த டைரக்டரியின் கடைசியில் தங்கள் வாக்கியங்களைச் சேர்த்து, முழு ஃபைலையும் தங்கள் மோடோடு கொடுத்தார்கள். ஒரு மோட் மட்டும் போட்டால் பிரச்னை இல்லை. இரண்டாவது மோடும் அதே கடைசி நம்பரில் இருந்துதான் தன் வாக்கியங்களைத் தொடங்கியிருக்கும். அதை இன்ஸ்டால் செய்தவுடன் முதல் டைரக்டரி அழிந்துவிடும். முதல் மோடின் கதாநாயகி காதல் வசனம் பேச வேண்டிய இடத்தில், இரண்டாவது மோடின் கடைக்காரர் கத்தி விலை சொல்லும் வாக்கியம் வந்து நிற்கும். சிரிப்பாக இருக்கும், ஆனால் அறுபது மணி நேரம் ஆடி அந்த இடத்துக்கு வந்தவருக்குச் சிரிப்பு வராது.

வெஸ்லி வைமர் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி ஓக்கமல் மொழியில் எழுதிய வைடு என்ற புரோகிராம் இதைத் தீர்த்தது. வைமர் டயலாக் யுடிலிட்டி என்பதன் சுருக்கம் அது. மோட் செய்கிறவர் முழு ஃபைலையும் தருவதில்லை. என்ன மாற்ற வேண்டும் என்ற குறிப்பை மட்டும் தருகிறார். உங்கள் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்யும்போது வைடு உங்கள் டைரக்டரியைத் திறந்து, அங்கே அடுத்து எந்த நம்பர் காலியோ அதில் புதிய வாக்கியத்தைச் சேர்க்கும். அந்த நம்பரை வசனத்தில் பொருத்தும். மாற்றுவதற்கு முன் பழைய ஃபைலைப் பத்திரப்படுத்தும். இதனால் பத்து மோட்களை அடுத்தடுத்துப் போட முடிந்தது, எடுக்கவும் முடிந்தது. நடுவில் உள்ள ஒன்றை எடுக்கச் சொன்னால், அதற்குப் பின் போட்டவற்றை எல்லாம் முதலில் கழற்றி, அதை எடுத்துவிட்டு, மற்றவற்றை அதே வரிசையில் திரும்ப மாட்டும். நேரம் ஆகும். ஆனால் ஒழுங்காக முடியும்.

நம் விஷயத்துக்கு முக்கியமானது வைடு கேட்கும் கேள்வி. ஒரு மோடை அது பகுதி பகுதியாகக் காட்டி, 'இது வேண்டுமா, வேண்டாமா' என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கும். மோட் செய்பவர் பிரித்து எழுதியிருந்தால் போதும், தேர்வு உங்கள் கைக்கு வந்துவிடும்.

அசென்ஷன் என்ற மோடைப் பாருங்கள். பயோவேரில் எழுத்தாளராக இருந்த டேவிட் கெய்டர் தன் சொந்த நேரத்தில் செய்தது. 2001-ல் வந்த த்ரோன் ஆஃப் பால் என்ற தொடர்ச்சிப் பகுதியின் முடிவை இதில் திருத்தி எழுதினார். கூடவே சில எதிரிகளை மிகவும் கடினமாக்கினார். வைடுவுக்கு மாற்றப்பட்ட வடிவில் திருத்திய முடிவு ஒரு பகுதி, கடினமான எதிரிகள் வேறு வேறு பகுதிகள். கதைக்காக விளையாடுபவர் முதல் பகுதியை மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

எழுத்து எங்கே வருகிறது?

இப்போது இரண்டாவது விஷயத்துக்கு வருவோம். புதிய கதாபாத்திரம் ஒன்றைச் சேர்க்கும் மோட் என்றால், அதில் புரோகிராம் வேலை கொஞ்சம்தான், எழுத்து வேலைதான் மலை போல. ஆனால் மோட் செய்பவர்களில் பலர் புரோகிராம் தெரிந்தவர்கள். எழுத்து தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள்.

நான் இதில் பார்ப்பது சில விஷயங்கள். புதியவன் பேசும் நடை கேமில் மற்றவர்கள் பேசும் நடையோடு ஒட்டுகிறதா? ராஜா காலத்துக் கதையில் வந்தவன் காலேஜ் கேண்டீனில் பேசுவது போலப் பேசினால் அந்த நிமிடமே அவன் வேற்றாளாகத் தெரிவான். அடுத்து, எனக்குப் பதில் சொல்ல எத்தனை வழி கொடுத்திருக்கிறார்கள்? 'ஆமாம், நீ பெரிய வீரன்' என்ற ஒரே பதிலைத்தான் க்ளிக் செய்ய முடியும் என்றால், என் கதாபாத்திரத்துக்கும் சேர்த்து அவரே பேசிவிடுகிறார் என்று அர்த்தம். மூன்றாவது நீளம். ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருபது வரி நிரப்பினால் யார் படிப்பார்கள்? எழுத்துப் பிழைகளைக் கடைசியில்தான் வைப்பேன். அதை மட்டும் சுலபமாகத் திருத்திவிடலாம்.

எப்படி? வைடு மோட்களில் வாக்கியங்கள் டிஆர்ஏ என்ற எக்ஸ்டென்ஷனோடு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக இருக்கும். நோட்பேடில் திறக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண், அதன் பிறகு இரண்டு நெளிகோட்டுக் குறிகளுக்கு நடுவே வாக்கியம். பிழையைத் திருத்தி, சேவ் செய்து, மோடைத் திரும்ப இன்ஸ்டால் செய்தால் முடிந்தது. நெளிகோட்டுக் குறியை மட்டும் தவறியும் அழிக்காதீர்கள். ஒன்று போனாலும் இன்ஸ்டால் நின்றுவிடும். 2013-ல் வந்த என்ஹான்ஸ்டு எடிஷனில் வாக்கியங்கள் யுடிஎப்-8 முறையில் இருக்கும், 2000-ல் வந்த மூலப் பதிப்பில் அப்படி இல்லை. சேவ் செய்யும்போது இதைக் கவனிக்கவும்.

மூட்டையும் எழுத்தும் சந்திக்கும் இடம் இதுதான். ஒரு மோட் கேமின் பழைய பிழைகளை அருமையாகச் சரி செய்கிறது, ஆனால் அதோடு ஒரு மோசமான கதாபாத்திரத்தையும் நுழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரித்திருந்தால் பிழைத் திருத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். கட்டியிருந்தால் அந்தக் கதாபாத்திரத்தின் உளறலை அறுபது மணி நேரம் கேட்க வேண்டும், அல்லது நல்ல திருத்தத்தையும் சேர்த்து இழக்க வேண்டும். மோட் செய்தவருக்கும் நஷ்டம்தான். அவர் மாதக்கணக்கில் செய்த நல்ல வேலையை யாரும் தொடாமலே போய்விடலாம். எழுத்து சுமாராக இருக்கிறது என்று சந்தேகம் உள்ளவர்கள்தான் முதலில் பிரிக்க வேண்டும். சந்தேகம் இல்லாதவர்கள்தான் அதிகம் என்பது வேறு விஷயம்!

பெரம்பூரும் பெசன்ட் நகரும்

தமிழில் எழுத்து என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. என் அக்கா மகன் போனில் பஸ் சிமுலேட்டர் இந்தோனேஷியா ஆடுகிறான். 2017-ல் வந்த இந்தக் கேமில் பேருந்துக்கு நாமே பெயிண்ட் செய்த படத்தைப் போடலாம். லிவரி என்பார்கள். அது ஒரு பிஎன்ஜி படம்தான். தமிழ்நாடு, கேரளப் பேருந்துகளுக்கு ரசிகர்கள் நிறைய லிவரி செய்கிறார்கள்.

அவன் ஒரு நாள் காட்டிய லிவரியில் 29சி பேருந்து. மயிலாப்பூர், அடையாறு வழியாகப் போகும், எல்லாருக்கும் தெரிந்த வண்டி. பெயிண்ட் அசல் போலவே இருந்தது. பலகையில் பெரம்பூர், பெசன்ட் நகர் இரண்டு பெயரிலும் 'பெ' உடைந்திருந்தது. 'ப' முதலில் நின்றது, ஒற்றைக் கொம்பு அதற்குப் பின்னால் தனியாக நின்றது. "மாமா, இது என்ன எழுத்து?" என்று கேட்டான். இரண்டாம் வகுப்பு படிக்கிறான், இப்போதுதான் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறான். பலகையைப் பார்த்துப் படிப்பது அவனுக்குப் பெரிய விளையாட்டு.

செய்தவருக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் சாப்ட்வேரில் இருக்கிறது. யுனிகோடில் 'பெ' என்று டைப் செய்தால் கம்ப்யூட்டருக்குள் முதலில் 'ப', பிறகு ஒற்றைக் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படும். திரையில் காட்டும் சாப்ட்வேர்தான் கொம்பை இடப்பக்கம் கொண்டு வந்து வைக்க வேண்டும். இந்திய மொழிகளுக்கு ஆதரவு இல்லாத பழைய பட எடிட்டர்கள் இதைச் செய்யாமல், சேமித்த வரிசையிலேயே காட்டிவிடும். 'கொ' போன்ற எழுத்தில் கொம்பு ஒரு பக்கமும் கால் மறுபக்கமும் வர வேண்டும். அது இன்னும் மோசமாகும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த டேம், டேப் முறை எழுத்துருக்களில் இந்தச் சிக்கல் இல்லை. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அவை எழுத்துக்களைச் சேமிக்கும். அதனால்தான் பழைய டிடிபி ஆட்கள் செய்த பலகைகள் இன்றும் ஒழுங்காக இருக்கின்றன.

இதற்கு வழி உண்டு. புதிய போட்டோஷாப் வைத்திருப்பவர்கள் அதன் டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் இங்க்ஸ்கேப் போன்ற இலவச சாப்ட்வேரில் பெயரை டைப் செய்து, படமாக மாற்றி, லிவரியில் ஒட்டலாம். அதுவும் வேண்டாம் என்றால் வேர்டில் பெரிய எழுத்தில் டைப் செய்து ஸ்கிரீன் ஷாட் எடுத்தாலே போதும்.

மூட்டைப் பிரச்னை இங்கேயும் வருகிறது. டிஆர்ஏ ஃபைலில் உள்ள பிழையை நோட்பேடில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றேன். பலகையின் எழுத்து படத்துக்குள் பெயிண்டோடு கலந்துவிட்டால் அது முடியாது. செய்தவர் லேயரோடு உள்ள மூலப் படத்தைத் தந்தால்தான் உண்டு. என் நண்பனிடம் நான் கேட்டது கடைசியில் இது ஒன்றுதான்: ஹாரனைப் பிரிக்காவிட்டாலும் பரவாயில்லை, பெயர்ப் பலகையை மட்டும் தனிப் படமாக வை. அவனும் ஒத்துக்கொண்டான். அதன் பிறகு 29சி பலகையோடு வேறு தடங்களின் பலகைகளையும் வேறு ஆட்கள் செய்து அவனுக்கே அனுப்புகிறார்கள். 2022-ல் மகளிர் கட்டணமில்லாப் பேருந்துகளின் முன்பக்கமும் பின்பக்கமும் இளஞ்சிவப்பு ஆனபோது முழுப் பேருந்தையும் திரும்பச் செய்தவர்களை எனக்குத் தெரியும். பெயிண்ட் தனியாக இருந்தால் அதை மட்டும் மாற்றியிருக்கலாம்.

ரீட்மீ படித்தாலே பாதி தெரிந்துவிடும்

மோடில் உள்ள எழுத்தில் நாம் முதலில் பார்ப்பது வசனமோ பலகையோ கிடையாது. ரீட்மீ ஃபைல்தான். அதை யாரும் படிப்பதில்லை என்பதால் யாரும் ஒழுங்காக எழுதுவதும் இல்லை. நான் அதைத்தான் முதலில் திறப்பேன். 'சூப்பர் மோட், டவுண்லோட் பண்ணி என்ஜாய் பண்ணுங்க' என்று மட்டும் இருந்தால் மூடிவிடுவேன்.

நல்ல ரீட்மீ நீளமாக இருக்க வேண்டியதில்லை. கேமின் எந்தப் பதிப்புக்கு, எந்தெந்த ஃபைல்களை மாற்றுகிறது, ஏற்கெனவே சேவ் செய்த ஆட்டத்தில் தொடரலாமா அல்லது புதிதாகத் தொடங்க வேண்டுமா, எப்படி எடுப்பது, யாருடைய வேலையை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார். இவ்வளவு போதும். பத்து வரியில் சொல்லிவிடலாம். 'எடுப்பது எப்படி' என்ற வரி இல்லாத மோட் பெரும்பாலும் எடுக்கவே முடியாததாக இருக்கும். பகுதிகளைப் பிரிக்காத மோடுக்கு இந்தப் பத்து வரியை எழுதவே கஷ்டம் என்பதையும் கவனியுங்கள். எந்தெந்த ஃபைல் மாறுகிறது என்று செய்தவருக்கே தெரிந்திருக்காது.

இன்ஸ்டால் செய்வதற்கு முன்

பழைய கேம்களை சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ் போல்டருக்குள் போடாதீர்கள். டி டிரைவில் 'கேம்ஸ்' என்று தனி போல்டர் உருவாக்கிக்கொள்ளுங்கள். விஸ்டாவுக்குப் பின் வந்த விண்டோஸ் பதிப்புகள் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் பழைய புரோகிராம்கள் எழுதும் ஃபைல்களை வெர்ச்சுவல் ஸ்டோர் என்ற வேறு இடத்துக்குத் திருப்பிவிடக்கூடும். மோட் போட்டும் கேமில் மாற்றம் தெரியவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான்.

மோட் போடுவதற்கு முன் கேம் போல்டரை முழுக்க காப்பி செய்து வையுங்கள். சேவ் செய்த ஆட்டங்கள் உள்ள போல்டரையும் தனியாகக் காப்பி செய்யவும். அது பெரும்பாலும் டாக்குமெண்ட்ஸுக்குள் இருக்கும், கேம் போல்டரைக் காப்பி செய்தால் அதில் வராது. ஹார்ட் டிஸ்க்கில் இடம் இல்லை என்றால் சேவ் போல்டரையாவது காப்பி செய்யுங்கள். கேமைத் திரும்ப இன்ஸ்டால் செய்துகொள்ளலாம், ஆடிய நேரத்தைத் திரும்ப வாங்க முடியாது.

படமும் ரோஸ்டரும் மட்டும் உள்ள மோடுக்கு இஎக்ஸ்இ எதற்கு என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஜிப் ஃபைலே போதுமே. வைடு மோட்களில் இஎக்ஸ்இ இருக்கும், அதற்குக் காரணம் உண்டு. மற்றவற்றை வைரஸ்டோட்டல் போன்ற தளத்தில் ஏற்றிச் சோதித்துவிட்டுத் திறக்கவும்.

யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2-ல் மோட் மேனேஜர் உள்ளேயே இருக்கிறது. இரண்டு மோட்கள் ஒரே ஃபைலை மாற்றினால் பட்டியலில் மேலே இருப்பதுதான் வெல்லும். பலகை மோடை வடிவ மோடுக்கு மேலே வையுங்கள். 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3-லும் 2024 செப்டம்பர் முதல் கேமுக்குள்ளேயே மோட் மேனேஜர் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு மோடை மட்டும் சேர்த்து, கேமை ஒரு முறை ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததைச் சேர்க்கவும். ஐந்தையும் ஒன்றாகப் போட்டுக் கேம் நின்றுவிட்டால் எது காரணம் என்று தேடியே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

பால்டர்ஸ் கேட் 2 ஆடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. கேம் போல்டரில் வைடு.லாக் என்ற சிறிய டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். எந்த மோடின் எந்தப் பகுதியை எந்த வரிசையில் போட்டீர்கள் என்பது அதில் வரி வரியாக இருக்கும். வைடு எதைக் கழற்றுவது என்று இதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. எனவே அதைத் திருத்த வேண்டாம். ஒரு காப்பி எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். புது கம்ப்யூட்டர் வாங்கும்போது அதே வரிசையில் எல்லாவற்றையும் திரும்பப் போட அது ஒன்றே போதும்.